பொய்த் தண்டோரா!

ஊருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் தண்டோரா போடுவார்கள். காரைக்கால் கடலோரக் குப்பங்களிலும் சரி, திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்து நெல்வயல் கிராமங்களிலும் சரி, தமுக்குச் சத்தம் கேட்டால் போதும். உலையில் அரிசி போட்ட பெண்கூடக் கரண்டியும் கையுமாகத் தெருவுக்கு வந்துவிடுவாள். வரி கட்டக் கடைசி நாள் எது, பஞ்சாயத்து கூடுவது எப்போது, வாய்க்காலில் தண்ணீர் என்றைக்கு வரும், எல்லாம் அந்தத் தமுக்கிலேதான்!

ஏன் அத்தனை மரியாதை? தமுக்கு பொய் சொல்லாது. அதை அடிக்க உத்தரவு வேண்டும். உத்தரவு கொடுத்தது யார் என்பது ஊருக்குத் தெரியும். எவனோ ஒரு வியாபாரி தமுக்கைப் பிடுங்கிக்கொண்டு, "ஊருக்குள் வெள்ளம் வருகிறது! தப்ப வேண்டுமானால் என் கடையில் படகு வாங்குங்கள்!" என்று அடித்திருந்தால் அவன் கதி என்ன ஆகியிருக்கும்?

இன்றைக்கு அதே வேலையை நாள் முழுவதும் செய்கிறார்கள். கேட்பாரில்லை! தமுக்கு மட்டும் மாறியிருக்கிறது. அது இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கிடக்கிறது.

டிங்! டிங்!

கோட்டுச்சேரியிலோ, நிரவியிலோ, திருமலைராயன்பட்டினத்திலோ ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மகன் பிரான்சில் இருக்கிறான்; மருமகன் துபாயில். வீட்டிலே வயதான தாயும் தகப்பனாரும். பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்க ஒரு செல்போன். மகன் வாங்கி அனுப்பியது. அதில் பேசத் தெரியும், படம் பார்க்கத் தெரியும். மற்றது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

ஒருநாள் போன் "டிங்" என்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறார் பெரியவர்.

"உங்கள் போனில் 5 வைரஸ் புகுந்துவிட்டது! உடனே சுத்தம் செய்யுங்கள்!"

அடுத்த நிமிஷம் இன்னொன்று. "உங்கள் வங்கிக் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்!" அதற்கடுத்து, "வாழ்த்துகள்! உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது!"

ஒரே நாளில் நோயும் வந்து, ஜப்தியும் வந்து, பரிசும் வந்தால் மனிதன் என்ன செய்வான்? பெரியவர் பயந்து போகிறார். போனை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார். அன்றிரவு பாரிசிலிருந்து மகன் கூப்பிடுகிறான், கூப்பிடுகிறான், பதில் இல்லை.

இது பயந்தவர் கதை. பயப்படாமல் அந்தச் செய்தியைத் தட்டிவிட்டவர் கதை இன்னும் மோசம். அது பிறகு.

கேள்வி ஒன்று, பதில் வேறு

இந்த "டிங்" எங்கிருந்து வருகிறது? பலர் நினைப்பது போல வைரஸ் அல்ல. பெரும்பாலான வீடுகளில் போனுக்கு ஒரு நோயும் இல்லை. வாசல் கதவு திறந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கவோ, புதுப்படம் இலவசமாகப் பார்க்கவோ, பரீட்சை முடிவு தேடவோ யாரோ ஒருவர் ஓர் இணையப் பக்கத்துக்குப் போயிருப்பார். வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுப் பையனாகக்கூட இருக்கலாம். பக்கம் திறக்காது. நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: "நீங்கள் எந்திரம் அல்ல, மனிதர்தான் என்று காட்ட 'அலவ்' என்பதைத் தட்டுங்கள்." மேலே சின்னதாக ஒரு கட்டம். அதில் "அலவ்", "பிளாக்" என்று இரண்டு பொத்தான்கள்.

சூழ்ச்சி இங்கேதான்! அந்தச் சின்னக் கட்டம் இணையப் பக்கத்தினுடையது அல்ல. அது குரோம் போன்ற பிரவுசர் கேட்கிற கேள்வி. "இந்தத் தளம் இனிமேல் உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்பலாமா?" என்பதே அந்தக் கேள்வி. மனிதரா எந்திரமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. உண்மையான கேள்வியைச் சின்ன எழுத்தில் விட்டுவிட்டு, பொய்யான கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டுக்கும் ஒரே பொத்தானைக் காட்டுகிறார்கள். தட்டியவர் "ஆமாம், நான் மனிதன்தான்" என்று தட்டினார். பதிவானதோ, "ஆமாம், இராப்பகலாக எனக்குச் செய்தி அனுப்புங்கள்" என்று!

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை மூடினாலும் பயனில்லை. பக்கம் மூடியிருந்தாலும் அறிவிப்பு வரும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பே. வருகிற செய்தியும் தனியாக வருவதில்லை. வங்கியின் செய்தி, மகனின் வாட்ஸ்அப், மின்சார பில் எல்லாம் எந்த வரிசையில் நிற்கின்றனவோ, அதே வரிசையில் வந்து நிற்கிறது. நல்லவன் பக்கத்தில் நின்றால் திருடனும் நல்லவனாகத்தானே தெரிகிறான்!

குரோம் பிரவுசரில் இந்த வசதி 2015-ம் ஆண்டில் வந்தது. கெட்ட எண்ணத்தில் கொண்டுவரப்பட்டது அல்ல. செய்தி, கடிதம், ரயில் நேரம் இவை உடனுக்குடன் வந்து சேரட்டும் என்றுதான் கொண்டுவந்தார்கள். கத்தி செய்தவன் காய்கறி நறுக்கத்தான் செய்தான்.

மன்னிப்புக் கேட்டவர்

இதற்கு மூத்த அண்ணன் ஒருவன் உண்டு. அவன் பெயர் "பாப்-அப்". ஒரு பக்கத்தைத் திறந்தால் அதன்மேல் தானாக இன்னொரு சன்னல் எழும்பி விளம்பரம் காட்டுமே, அதுதான்.

அது பிறந்த கதை வேடிக்கையானது. 1990-களில் அமெரிக்காவில் டிரைபாட் என்ற இணையத்தளத்தில் ஈதன் சக்கர்மேன் என்பவர் வேலை பார்த்தார். ஒரு பெரிய கார் கம்பெனியின் விளம்பரம், யாரோ எழுதிய ஆபாசப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. கம்பெனிக்காரர்களுக்குக் கோபம். "விளம்பரத்தைப் பக்கத்திலே வைத்தால்தானே வம்பு? தனிச் சன்னலில் வைத்துவிட்டால்?" என்று யோசித்து, அதற்கான நிரலை எழுதியவர் அவர்தான். 2014-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அதற்காக உலகத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். எண்ணம் நல்லதாகத்தான் இருந்தது என்றும் சொன்னார்.

ஒரு கார் கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றப் போய் உலகம் முழுவதும் அவதிப்பட்டது! 2004-ல் மைக்ரோசாப்ட் தன் பிரவுசரிலேயே அந்தச் சன்னல்களுக்குத் தடை போட்டது. அதன்பிறகே கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. வாசலை அடைத்தார்கள், பத்து வருஷம் கழித்துச் சன்னலைத் திறந்து வைத்தார்கள். அதுதான் இந்த "டிங்".

ஒன்றரைக் கோடி போன்கள்

அனுமதி கேட்காமலே உள்ளே வருகிற இனம் இன்னொன்று. அதற்கு "ஆட்வேர்" என்று பெயர். பிரவுசரைத் திறக்காமலே, சும்மா வைத்திருக்கிற போனில் திரை நிறைய விளம்பரம் வந்தால் அது இந்த இனம். டார்ச் லைட், போட்டோ அலங்காரம், ராசி பலன், விளையாட்டு என்று ஏதாவதோர் இலவசச் செயலியின் வயிற்றுக்குள் ஒளிந்து வரும்.

இந்தியாவை இது எவ்வளவு பிடித்து ஆட்டியிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். 2019 ஜூலையில் செக் பாயிண்ட் என்ற இஸ்ரேலியப் பாதுகாப்புக் கம்பெனி ஓர் அறிக்கை வெளியிட்டது. "ஏஜென்ட் ஸ்மித்" என்று அவர்கள் பெயரிட்ட ஒரு நிரல் உலகத்தில் இரண்டரைக் கோடி ஆண்ட்ராய்டு போன்களில் புகுந்திருந்தது. அதில் இந்தியாவில் மட்டும் ஒன்றரைக் கோடி! "நைன் ஆப்ஸ்" என்ற வெளிக்கடையிலிருந்து விளையாட்டு, படச் செயலி என்று இறக்கிக்கொண்டவர்கள் மாட்டினார்கள். உள்ளே வந்ததும் அது கூகுளின் செயலி போல வேஷம் போட்டுக்கொள்ளும். பிறகு போனில் ஏற்கெனவே இருக்கிற நல்ல செயலிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அதே உருவத்தில் விளம்பரம் காட்டுகிற போலியை அந்த இடத்தில் வைக்கும். வாட்ஸ்அப்பும் அதற்குத் தப்பவில்லை. திறக்கிறவர் வாட்ஸ்அப் என்று நினைத்துத் திறப்பார். உள்ளே இருப்பது இரட்டைப் பிறவி!

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2017-ல், "பயர்பால்" என்ற இன்னொரு நிரல் கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. உலகத்தில் 25 கோடி கம்ப்யூட்டர்கள், இந்தியாவில் 2 கோடியே 53 லட்சம் என்று அதே செக் பாயிண்ட் கணக்குச் சொன்னது. "அவ்வளவு இல்லை, கணக்கு மிகை" என்று மைக்ரோசாப்ட் மறுத்தது. சண்டை எண்ணிக்கையைப் பற்றித்தான். அந்த அறிக்கையின் பட்டியலில் முதலிடம் இந்தியாவுக்கு.

ஏன் இந்தியா? காரணம் தெளிவு. புதிதாகப் போன் வாங்கியவர்கள் அதிகம். விலை குறைந்த போன்கள் அதிகம். இலவசம் என்றால் கை நீட்டுகிற பழக்கம் — அது எந்த நாட்டில்தான் இல்லை!

தட்டினால் யாருக்குக் காசு?

"விளம்பரம்தானே? பார்க்காமல் விட்டால் போச்சு" என்கிறவர்கள் உண்டு. விளம்பரம் இல்லாவிட்டால் இலவசம் ஏது என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பத்திரிகையிலும் விளம்பரம் வருகிறது. சோப்பு விளம்பரம், வேட்டி விளம்பரம், நகைக்கடை விளம்பரம். ஆனால் அந்த வேட்டி விளம்பரம் "உங்கள் வீடு தீப்பிடித்து எரிகிறது!" என்று கூவுவதில்லை. மடித்து வைத்தால் மடங்கிக் கிடக்கும். நடுராத்திரியில் எழுப்பாது. விளம்பரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும்.

இந்த "டிங்" அனுப்புகிறவர் தரகர். எங்கோ தூரத்தில் இருக்கிறார். தட்டுகிற ஒவ்வொரு விரலுக்கும் அவருக்குக் கமிஷன். வைரஸ் என்று பயமுறுத்தி ஒரு செயலியை இறக்க வைத்தால் கமிஷன் கூடும். கார் பரிசு என்று சொல்லிப் பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் எழுதி வாங்கினால் அதை விற்கலாம். அதை வாங்குகிறவன்தான் நாலு நாள் கழித்து, "வங்கியிலிருந்து பேசுகிறேன் ஐயா" என்று கூப்பிடுகிறவன். பணம் போன கதைகளில் முதல் அத்தியாயம் பல சமயம் இப்படி ஒரு சின்ன "டிங்" ஆகத்தான் இருக்கிறது. யாரும் அதை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

சுவருக்கு உள்ள சட்டம் திரைக்கு இல்லை!

1954 நவம்பர் 1-ம் தேதிக்கு முன்னால் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. எல்லையில் சுங்கச் சாவடி. மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் அந்தண்டை போக முடியாது. இன்றைக்கும் காரைக்கால் நாலு பக்கமும் தமிழ்நாடும் கடலும் சூழ்ந்த தனித் துண்டுதான். மது பாட்டிலோடு எல்லை தாண்டினால் போலீசார் பையைப் பார்க்கிறார்கள். பொய்ச் செய்தி மூட்டை மூட்டையாக வருகிறது. அதற்குச் சாவடி எங்கே?

பிரான்சு நாட்டில் 1881 ஜூலை 29-ம் தேதி ஒரு சட்டம் இயற்றினார்கள். பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய சட்டம். சுவரொட்டி பற்றியும் அதில் விதிகள் உண்டு. குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தும் என்று அந்தச் சட்டமே சொல்லிற்று. "விளம்பரம் ஒட்டக் கூடாது, 1881 ஜூலை 29 சட்டம்" என்று பிரான்சு நாட்டுச் சுவர்களில் எழுதி வைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 1959-ல் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. புதுச்சேரிக்கு 2000-ம் ஆண்டில் அப்படி ஒரு சட்டம் வந்தது. அமலில் ஓட்டை உண்டு, அது வேறு விஷயம். சட்டம் இருக்கிறது. செங்கல் சுவருக்கு உள்ள மரியாதை, மனிதன் நாளுக்கு நூறு தடவை பார்க்கிற திரைக்கு உண்டா?

டெலிபோன் தொல்லைக்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். விளம்பரக் கால் வேண்டாம், எஸ்.எம்.எஸ். வேண்டாம் என்றால் 1909 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். மீறினால் புகார் செய்யலாம். டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு 2010-லும் 2018-லும் விதிகள் வகுத்தது. தொல்லை அடியோடு போகவில்லை. ஆனாலும் பொறுப்பாளி யார் என்பது விதியில் இருக்கிறது. பிரவுசர் வழியாக வருகிற அறிவிப்பு அந்த விதிக்குள் அடங்காது. அது கால் அல்ல, எஸ்.எம்.எஸ். அல்ல. இரண்டு நாற்காலிக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது.

2023 நவம்பர் 30-ம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டது. இணையத்தில் ஜனங்களை ஏமாற்றிப் பொத்தானைத் தட்ட வைக்கிற 13 தந்திரங்களுக்கு அதில் தடை. ஓயாமல் நச்சரிப்பது அதில் ஒன்று. விளம்பரத்துக்கு வேஷம் போடுவது ஒன்று. வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்திக் காசு பிடுங்குவதும் ஒன்று. பார்த்துப் பார்த்து எழுதிய பட்டியல்! ஆனால் பொருளோ சேவையோ விற்கிற தளத்துக்கும், விற்கிறவருக்கும், விளம்பரதாரருக்கும்தான் அது பாயும். பெயரில்லாத, முகவரியில்லாத, இன்று இருந்து நாளை மறைகிற தளத்தின்மேல் யார் போய் நோட்டீஸ் ஒட்டுவது?

"அலவ் என்று தட்டியது உங்கள் விரல்தானே?" என்று அவர்கள் தரப்பில் வாதம் வரும். ஏமாற்றி வாங்கிய சம்மதம் சுதந்திரமான சம்மதம் அல்ல என்று 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்லியாகிவிட்டது. சம்மதம் என்றால் விஷயம் தெரிந்து, தாமாக, ஐயத்துக்கு இடமில்லாமல் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று 2023-ல் நிறைவேறிய தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. வாதம் நிற்காது.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது

ஆகவே சாவடி போட வேண்டிய இடம் ஒன்றுதான். பிரவுசர்! செய்தி எந்தத் தேசத்திலிருந்து வந்தாலும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. அந்த வாசலைக் கட்டியவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்க சில பெரிய கம்பெனிகள்.

அவர்களுக்கு விஷயம் தெரியாதா? நன்றாகத் தெரியும். பயர்பாக்ஸ் பிரவுசரை நடத்துகிற மொசில்லா 2019-ல் ஒரு சோதனை நடத்திற்று. "அறிவிப்பு அனுப்பலாமா?" என்ற கேள்வி எழுந்த நூறு தடவைகளில் 99 தடவை ஜனங்கள் சம்மதம் தரவில்லை என்று கண்டது. உடனே 2020 ஜனவரியில், அந்தக் கேள்வி தானாக எழும்பிக் கண்ணை மறைக்காதபடி அடக்கி, ஓரத்தில் சின்னக் குறியாக மாற்றிவிட்டார்கள். கூகுளும் அதே ஆண்டில் குரோமில் அடக்கமான கேள்வி முறை ஒன்றைக் கொண்டுவந்தது. ஏமாற்றுத் தளங்களின் அறிவிப்புகளையும் தடுக்கத் தொடங்கியது. 2025 அக்டோபரில் கூகுள் ஒரு கணக்குச் சொன்னது. குரோம் வழியாக வருகிற அறிவிப்புகளில் நூற்றுக்கு ஒன்றைக்கூட ஜனங்கள் தொடுவதில்லையாம். நெடுநாள் எட்டிப் பார்க்காத தளங்களின் அனுமதியைத் தானாகவே எடுத்துவிடுவதாகவும் அறிவித்தது.

நல்லது. ஆனால் 2015-ல் திறந்த வாசலுக்குப் பத்து வருஷம் கழித்துக் காவல்காரனா? நூற்றுக்கு 99 பேர் வேண்டாம் என்கிற ஒன்றை, வேண்டும் என்கிற ஒருவர் தேடிப்போய்த் திறந்துகொள்ளட்டுமே! மற்றவர்களுக்கு அடைத்தே வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? சர்க்கார் ஓர் உத்தரவு போட்டால் நடக்கிற காரியம் இது. அமெரிக்காவில் 2006-ல் ஜாங்கோ என்ற ஆட்வேர் கம்பெனி, கேட்காமல் கம்ப்யூட்டரில் புகுந்ததற்காக 30 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. காசு போனால்தான் கம்பெனிக்குக் காது கேட்கும்.

கடல் பார்த்த ஊர்

இதையெல்லாம் ஒரு தொல்லை என்று மட்டும் நினைத்தால் காரைக்காலில் வசிக்கிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

2004 டிசம்பர் 26. காலை நேரம். கடல் எழும்பி வந்தது. காரைக்கால் கடற்கரைக் கிராமங்களில் நூற்றுக் கணக்கானவர்கள் மாண்டார்கள். சுமத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்து, அலை இந்தக் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. அந்த நேரத்தில் ஒரு தண்டோரா போட்டிருந்தால்? போட ஆளில்லை, சொல்லவும் ஏற்பாடில்லை.

அதற்குப் பிறகு ஏற்பாடுகள் வந்தன. 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் திறந்தார்கள். காரைக்காலிலேயே வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் நிற்கிறது. புயல், கனமழை, கடல் சீற்றம் என்றால் அந்த வட்டாரத்துச் செல்போன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அலறும்படி ஓர் ஏற்பாடு செய்து, 2023-ல் நாடு முழுவதும் சோதனை பார்த்தார்கள். திடீரென்று போன் அலறித் திரையில் அவசர எச்சரிக்கை என்று வந்ததே, பலருக்கு ஞாபகம் இருக்கலாம். அன்றைக்கு எத்தனை பேர் அதை இன்னொரு மோசடி என்று நினைத்து மூடிவிட்டார்கள்!

நினைத்ததில் தவறென்ன? "புலி வருது, புலி வருது" என்று நாள் முழுவதும் கூவினால், மெய்யாகப் புலி வரும்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஐந்து வைரஸ் வந்தது பொய். கணக்கு முடங்கும் என்றது பொய். கார் பரிசு பொய். நாலாவதாக, "கடல் சீற்றம், கரைக்குத் திரும்பவும்" என்று வந்தால்? கிளிஞ்சல்மேட்டு மீனவர் அதையும் விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டால் அந்தக் கணக்கு யார் தலையில் விடியும்? கமிஷன் வாங்கிய தரகர் தலையிலா, கேள்வியைக் கேட்க இடம் கொடுத்த கம்பெனி தலையிலா?

மணிக்கூண்டு மணியைத் திருடினால் திருட்டு. ஜனங்களின் காதைத் திருடினால் அது வியாபாரமாம்!

ஐந்து நிமிஷ வேலை

சட்டம் வருகிறபோது வரட்டும். இன்றைக்கே செய்யக்கூடியது என்ன?

போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். "தம்பி, இதிலே ஏதோ பூச்சி புகுந்துடுச்சாம்பா, கொஞ்சம் பாரேன்" என்கிறார் பெரியவர். நல்ல பையன், "பூச்சியெல்லாம் இல்லீங்க ஐயா, ரெண்டு நிமிஷம் உக்காருங்க" என்று சரிசெய்து கையில் கொடுத்து அனுப்புகிறான். எல்லாக் கடையிலும் அந்தப் பையன் இருப்பதில்லை. "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடணும்" என்று சொல்லி, காசும் வாங்கிக்கொண்டு, பேரப்பிள்ளையின் படங்களையும் சேர்த்துத் துடைத்துவிடுகிற கடையும் உண்டு. பிரவுசரில் ஓர் அனுமதியை எடுப்பதற்குப் போனையே துடைப்பது, மூட்டைப் பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவது போல!

வீட்டிலேயே முடிகிற வேலை அது. குரோமைத் திறந்து, மேலே ஓரத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி, "செட்டிங்ஸ்", அதற்குள் "சைட் செட்டிங்ஸ்", அதற்குள் "நோட்டிபிகேஷன்ஸ்". அனுமதி பெற்ற தளங்களின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். வாயில் நுழையாத பெயர்கள்தான் குற்றவாளிகள். ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். மேலே உள்ள பொத்தானை அணைத்துவிட்டால் இனி எந்தத் தளமும் கேட்கவே முடியாது. வாட்ஸ்அப்புக்கோ, வங்கிச் செயலிக்கோ இதனால் குறை வராது. அவற்றின் வழி வேறு.

பிரவுசரைத் தொடாமலே விளம்பரம் வந்தால் ஏதோ ஒரு செயலியின் வேலை. தொல்லை ஆரம்பித்த நாளுக்குச் சற்று முன்னால் புதிதாக எதைப் போட்டோம் என்று யோசிக்க வேண்டும். போன் செட்டிங்ஸில் "ஆப்ஸ்" பட்டியலைப் பார்க்க வேண்டும். முகப்பில் படத்தைக் காட்டாமல் ஒளிகிற செயலிகூட அந்தப் பட்டியலில் தப்ப முடியாது. "சேப் மோட்" என்று ஒரு முறை உண்டு. அதில் போனைத் திறந்தால் வெளியிலிருந்து போட்ட செயலிகள் தூங்கிவிடும். அப்போது விளம்பரம் நின்றால் குற்றவாளி அவற்றுள் ஒன்றுதான்.

இதையெல்லாம் எழுபது வயதுக்காரர் தனியே செய்வாரா? மாட்டார். காரைக்காலில் படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, அவ்வையார் பெண்கள் கல்லூரி இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மரம் நடுகிறார்கள், ரத்த தானம் செய்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் ஏலம் முடிகிற நேரத்தில் குப்பத்துச் சாவடியில் நாலு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஒரு கிராமத்துப் போன்கள் முழுவதையும் மத்தியானத்துக்குள் சுத்தம் செய்துவிடலாம். செலவு? டீ செலவுதான்.

தட்டிவிட்டு, பணமும் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே 1930. சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்த கைக்குப் போகுமுன் வங்கியில் நிறுத்திவைக்க வழியுண்டு. ஒருநாள் கழித்துச் சொன்னால் பணம் பத்துக் கை மாறியிருக்கும். ஏமாற்றுத் தந்திரம் செய்தது பெயர் தெரிந்த கடையோ செயலியோ ஆனால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஐப்பசி மழைக்கு முன்னால் மீனவர்கள் வலையைப் பழுது பார்ப்பார்கள், படகுக்கு வர்ணம் அடிப்பார்கள். அந்த வேலையோடு போனையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் "எமர்ஜென்சி அலர்ட்ஸ்" என்று ஒன்று இருக்கும். தொல்லை தாங்காமல் எல்லாவற்றையும் அணைக்கிறபோது கை அதன்மேலும் போகும். அது மட்டும் எரிந்துகொண்டே இருக்கட்டும்.